தாய்மாமன் இல்லாத வீடு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்கு எதிரே தகரக் கூரை போட்ட நீளமான பலகை வீடு ஒன்று இருந்தது. செங்கல் சூளைகள் ஓடிய காலத்தில் கூலிகள் தங்கிய இடம். முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சபை அதை வாடகைக்கு எடுத்து அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லமாக்கியது. வாசலில் மாட்டிய பலகையில் சபையின் பெயர் பெரிதாக இருந்தது. ஆனால் இல்லத்தை நடத்தியது இராஜம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சபையின் ஆண்டு விழாக்களில் யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.

இப்போது அவளைத் தெய்வம் என்றும் தாய் என்றும் பேசுகிறார்கள். செத்துப்போனவர்களைப் புகழ்வதில் எங்கள் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. உயிரோடு இருந்தபோது அவள் தெருக்குழாய்க்கு வந்தால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்குவார்கள். தொண்டை அப்படி. சிரித்த முகமாக அவளைப் பார்த்தவர்கள் குறைவு. சிரிக்க அவளுக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, கல்யாணமான கையோடு கப்பலேறி வந்தவள். புருஷன் செந்தூல் ரயில் பட்டறையில் ஃபிட்டர். காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஊருக்குத் திரும்பிப் போ என்று எல்லாரும் சொன்னார்கள். அங்கே போய் அண்ணிமாருக்குப் பாத்திரம் தேய்க்க முடியாது என்று இங்கேயே இருந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கித்தா விலை, அதாவது ரப்பர் விலை, விழுந்தது. தோட்டங்களில் ஆளைக் குறைத்தார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்ட சனங்கள் கப்பலுக்குப் போகும் வழியில் கோலாலம்பூர் ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு கிடப்பார்கள். ரயில் கிளம்பிய பிறகு சில நாள் பிளாட்பாரத்தில் ஒரு குழந்தை மட்டும் மிச்சமிருக்கும். மறந்துவிட்டுப் போனார்களா, மனசறிந்து விட்டுப் போனார்களா என்று யாரிடம் போய்க் கேட்பது? போர்ட்டர்கள் அதைத் தூக்கிக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வருவார்கள். முதலில் வந்த பிள்ளைகளை இராஜம்மா தன் அறையிலேயே வைத்துக்கொண்டாள். பிறகு அறை போதவில்லை. அப்புறம்தான் சபை வந்தது, பலகை வந்தது.

நான் ரயில்வே கார்டு ஒருவரின் மனைவி. பகல் சமையல் முடிந்தால் எனக்கு வேலை கிடையாது. பிள்ளைகளுக்குப் பேன் பார்க்கவும் தலை பின்னவும் எதிரே போய்விடுவேன். அதனால் நான் சொல்லப்போவது பெரும்பாலும் கண்ணால் பார்த்தது.

அந்த வீட்டில் ஒரு காரியம்கூட நிம்மதியாக நடந்தது கிடையாது. காலையில் துவைத்துக் காயப்போட்ட துணி மத்தியானத்துக்குள் எஞ்சின் கரி படிந்து கறுத்துவிடும்; மறுபடி துவைக்க வேண்டும். ஒருத்திக்குச் சொறி வந்தால் எல்லாருக்கும் வரும். சோற்று விஷயம் அதைவிடக் கொடுமை. எங்கள் ஆட்கள் தருமவான்கள்தான், ஆனால் தருமம் செய்ய அவர்கள் வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும். அப்பா திதி, அம்மா திதி, இல்லாவிட்டால் ஆடி அமாவாசை. அமாவாசையன்று நாலைந்து வீட்டுப் பாயசம் ஒரே நேரத்தில் வாசலில் வந்து இறங்கும். பிள்ளைகள் கழுத்து முட்டத் தின்றுவிட்டு மறுநாள் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். அமாவாசை கழிந்தால் ஈ காக்காய் எட்டிப் பார்க்காது. "இன்னைக்கு நெறைய இருக்கும்மா, நாளைக்குக் கொண்டாங்களேன்" என்று இராஜம்மா கெஞ்சிப் பார்த்தாள். "நாளைக்கு எப்படிக்கா, எங்க மாமனாருக்கு இன்னைக்குத்தானே திதி" என்று பாத்திரத்தை வைத்துவிட்டுப் போனார்கள்.

இதையெல்லாம் அவள் கத்தித் தீர்த்துக்கொள்வாள். கத்தியும் தீராத விஷயம் ஒன்று இருந்தது. பிள்ளைகளை யாராவது வளர்க்க எடுத்துப்போக வேண்டும். ஒரு பிள்ளை போனால்தான் இன்னொரு பிள்ளைக்குப் பாய் விரிக்க இடம் கிடைக்கும். அதைவிட, "நான் எத்தனை பேருக்குத்தான் அம்மாவா இருக்கிறது? ஒரு நாளைக்கு ஒரு புள்ளை மூஞ்சிய ஒருவாட்டி சரியாப் பாக்க முடியல" என்பாள். பிள்ளையில்லாத தம்பதிகள் வரத்தான் செய்தார்கள். வந்தவர்கள் முதலில் ஜாதி கேட்பார்கள். "என் ஜாதிதான்" என்று இராஜம்மா முறைத்தால் மேலே கேட்க மாட்டார்கள். அடுத்து நட்சத்திரம் கேட்பார்கள். அதற்கு முறைத்துப் பயனில்லை. பிளாட்பாரத்தில் கிடந்த குழந்தையின் நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? தெரியாது என்று சொன்னால், யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போவார்கள். யோசித்தவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

ஒருநாள் அப்படி எழுந்த தச்சர் ஒருவரையும் அவர் மனைவியையும் பார்த்து, "அஸ்வினி. பையன் அஸ்வினி நட்சத்திரம்" என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டாள். அவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அன்றைக்கே பையனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நட்சத்திரமில்லாத பிள்ளை கிடையாது. பஞ்சாங்கத்தை மடியில் போட்டுக்கொண்டு அவள் நட்சத்திரம் வழங்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளை என்றால் மூலம் கூடாது, மாமனாருக்குக் கேடு. ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது. கேட்டையும் விசாகமும் மைத்துனர்களுக்கு ஆகாது. நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது எதுவும் இடிக்கக் கூடாது என்று அதையெல்லாம் தள்ளிவிட்டு, மிச்சத்தில் நல்லதாகப் பார்த்துக் கொடுப்பாள்.

சந்திரகலாவுக்கு அவள் கொடுத்தது ஆவணி மாதத்து ரோகிணி. கண்ணன் பிறந்த நட்சத்திரம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவளுக்கே ஒரு பெருமை. சந்திரகலா பத்துமலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். அப்போது ஐந்து வயதிருக்கும். மற்றப் பிள்ளைகள் வெளியாட்களைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். இவள் நேரே போய், வந்திருக்கும் பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்த ஊரு? உங்க வீட்டுல கோழி இருக்கா?" என்று ஆரம்பித்துவிடுவாள். பாதிப் பேருக்கு அது பிடிக்காது.

சீதாலெட்சுமிக்குப் பிடித்தது. அவள் கிள்ளானிலிருந்து வந்தவள். கணவன் பழனியப்பன் அங்கே ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. இருவரும் சீதாலெட்சுமியின் அண்ணன் நாகையாவின் வீட்டில் இருந்தார்கள். நாகையா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் காண்டிராக்டர், மனைவியை இழந்தவர். அந்தக் குடும்பமே அவர் நிழலில்தான் நின்றது. முதல் நாளே சந்திரகலா சீதாலெட்சுமியின் மடியில் ஏறி உட்கார்ந்து கோழியைப் பற்றி விசாரித்தாள். "ரெண்டு இருக்கு. ஒண்ணு உனக்கு" என்றாள் சீதாலெட்சுமி. பழனியப்பன் நட்சத்திரம் கேட்டார். இராஜம்மா சொன்னாள். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். தை பிறந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு.

தை பிறந்தது. அவர்கள் வரவில்லை. சந்திரகலா இல்லத்துப் பிள்ளைகள் எல்லாரிடமும் கோழியைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாள். தினமும் காலையில் எழுந்து, "இன்னைக்கா?" என்று இராஜம்மாவைக் கேட்பாள். "ஆமா, இன்னைக்குத்தான், போய் மூஞ்சியக் கழுவு" என்று எத்தனை நாள் சொல்வது? பூசமும் கழிந்த பிறகு, இராஜம்மா என்னையும் இழுத்துக்கொண்டு கிள்ளான் ரயில் ஏறினாள்.

நாகையா நல்ல மனிதர். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் இராஜம்மா வாசலில் நின்று நாலு வார்த்தை கத்திவிட்டு வந்திருப்பாள். அவர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். பழனியப்பன் ஒரு மூலையில் நின்றுகொண்டார். சீதாலெட்சுமி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாள். சேலை மட்டும் தெரிந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா" என்றார் நாகையா. "கண்ணன் பொறந்த நட்சத்திரம்னு சொன்னீங்களாம். அந்தக் கண்ணனோட தாய்மாமனுக்கு என்ன ஆச்சுன்னு சின்னப் புள்ளைக்கும் தெரியும். ரோகிணி தாய்மாமனுக்கு ஆகாதும்மா. என் தங்கச்சி அந்தப் புள்ளைய எடுத்துட்டா நான்தானே மாமன். துறைமுகத்துல தலைக்கு மேல மூட்டை தொங்குற தொழில் எனக்கு. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவங்க எங்க போவாங்க?"

 மாமனார் வருவார், மாமியார் வருவாள், மைத்துனன் வருவான் என்று பதினைந்து வருஷம் தள்ளி வரப்போவதை யோசித்த இராஜம்மா, தாய்மாமனை மட்டும் நினைக்கவேயில்லை. தாயே இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் எங்கிருந்து வருவான்? ஒருத்தி எடுத்து இடுப்பில் வைத்த நிமிஷமே அவள் அண்ணனும் மாமனாக வந்து சேர்ந்துவிடுகிறான் என்பது அவளுக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் தோன்றவில்லை.

அவள் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அது பொய்ங்க. ரோகிணி கிடையாது. நானா வச்சது."

நாகையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப நெசமான நட்சத்திரம் எது?"

"யாருக்குத் தெரியும்? எல்லாப் புள்ளைக்கும் நான்தான் வச்சேன். கேக்குறீங்களே, அதனால வச்சேன்."

"அப்ப இன்னும் மோசம்லா" என்றார் நாகையா. கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையான கவலையோடுதான் சொன்னார். "ரோகிணின்னா எனக்கு ஒருத்தனுக்குத்தான் ஆகாது. என்னன்னே தெரியலைன்னா யாருக்கு ஆகாதுன்னு எப்படித் தெரியும்?"

 நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். திரும்பும் ரயிலில் இராஜம்மா ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தாள். "பொய் சொன்னாலும் ஆகல. நெசத்தச் சொன்னாலும் ஆகல. நான் என்னத்தத்தான்டி சொல்றது?" எனக்கு அழுகையாக வந்தது. அவள் அழவில்லை, அவளுக்குக் கோபம்தான் வந்தது.

விஷயம் எங்களுக்கு முன்னாலேயே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்துவிட்டது என்று சொல்லலாம். அந்த வாரமே தச்சரின் மனைவி, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள். பையனுக்கு அஸ்வினிதானே, அதில் பொய் இல்லையே என்று கேட்டாள். "உம் புள்ளை அஸ்வினிதான். போ, போய்ச் சோறு ஊட்டு" என்று இராஜம்மா அவளை விரட்டினாள். அடுத்து சபைத் தலைவர் வல்லிபுரம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ரயில்வே ஆபீசில் பெரிய கிளார்க், நேர்மையான ஆள்.

"நீர் செய்தது பெரிய பிழை, இராஜம்மா" என்றார். "பிள்ளையளின்ரை பிறப்பிலை பொய் சொல்லேலாது. இனி ஆர் கேட்டாலும் தெரியாது எண்டு மட்டும் சொல்லும்."

"தெரியாதுன்னா யாரும் எடுக்க மாட்டாங்கய்யா."

"விருப்பமுள்ளவை எடுப்பினம்."

"உங்க மகளுக்கு மாப்பிள்ளை பாத்தப்ப சாதகம் பாத்தீங்களாய்யா?"

"அது வேறை" என்றார் வல்லிபுரம்.  இராஜம்மா சபையின் சொல்லுக்குக் கட்டுப்பட்டாள். கேட்டவர்களிடம் எல்லாம் தெரியாது என்றே சொன்னாள். சபைக்குத் திருப்தி. பிள்ளை ஒன்றுகூடப் போகவில்லை. பாய்கள் நெருக்கமாகி, ஒருக்களித்துப் படுத்தால்தான் எல்லாருக்கும் இடம் என்றாகிவிட்டது.

இதற்கு நடுவில்தான் சீதாலெட்சுமி தனியாக வர ஆரம்பித்தாள். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ரயிலில் வருவாள். புருஷனுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. முட்டை அவித்துக் கொண்டுவருவாள். அது சந்திரகலாவின் கோழி போட்ட முட்டையாம். குழந்தையை மடியில் வைத்துத் தலை பின்னி, சாயந்திர ரயிலுக்குப் புறப்பட்டுவிடுவாள். அவள் போன பிறகு சந்திரகலா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள். அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள். வேறு யார் வந்தாலும் இப்போதெல்லாம் போய் முந்தானையைப் பிடிப்பதில்லை. "எனக்குக் கிள்ளான்ல அம்மா இருக்காங்க" என்று சொல்லிவிடுவாள்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்த இராஜம்மா ஒருநாள் சீதாலெட்சுமியை வாசலிலேயே நிறுத்தினாள். "எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போ. இல்லைன்னா இந்தப் பக்கம் வராத. புள்ளைய நீயும் வளக்கல, வேற யாரும் வளக்க விடல."

"அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா என்னக்கா பண்றது?"

"ஒண்ணும் ஆகாது. ரோகிணியே பொய்னு அன்னைக்கே சொன்னேனே."

"நீங்க சொன்னது பொய்தாங்கா" என்றாள் சீதாலெட்சுமி. "ஆனா தற்செயலா நெசமாவே ரோகிணியா இருந்துட்டா?"

 அன்றைக்கு முட்டையைக் கொடுத்துவிட்டு, குழந்தையைப் பார்க்காமலே சீதாலெட்சுமி திரும்பிப் போனாள். அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை.

ஆடி மாதத்தில் காஜாங்கிலிருந்து ஒரு தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். அமைதியான ஆட்கள். சந்திரகலா தானாக அவர்களிடம் போகவில்லை. ஆனாலும் அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜாதி கேட்கவில்லை. நட்சத்திரம் மட்டும் கேட்டார்கள். சபை சொன்ன பதில் இராஜம்மாவின் நாக்கு நுனிக்கு வந்ததை நான் பார்த்தேன். அதை விழுங்கிவிட்டு, "மொதல்ல நீங்க சொல்லுங்க. உங்க வீட்டுல யார் யார் இருக்கீங்க?" என்றாள்.

விசாரணை என்றால் அதுதான் விசாரணை. அந்த அம்மாளுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை உண்டா? இல்லை. ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட? அப்படியும் இல்லை, எல்லாம் அக்கா தங்கைகள். செத்துப்போன அண்ணன் தம்பி? அவர்கள் குழம்பிப்போய் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரருக்கு அப்பா இருக்கிறாரா, அம்மா, அண்ணன், தம்பி? எல்லாவற்றையும் கேட்டு முடித்துக் கண்ணை மூடிக் கணக்குப் போட்டுவிட்டு, "அனுஷம். பொண்ணு அனுஷ நட்சத்திரம்" என்றாள். குரலில் கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை.

உள்ளே கூட்டிப்போய்ச் சந்திரகலாவுக்குத் துணி மாற்றும்போது, "யாராச்சும் கேட்டா நீ அனுஷம்னு சொல்லணும்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

"அப்ப ரோகிணி யாரும்மா?"

"அது வேற புள்ளை."

சந்திரகலா நம்பிவிட்டாள். போகும்போது அழவில்லை. வாசலில் நின்று என்னிடம், "கிள்ளானம்மா வந்தா நான் காஜாங் போயிட்டேன்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். இராஜம்மா உள்ளே போய் அடுப்பைக் குனிந்து குனிந்து ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆடி அமாவாசை. வாசலில் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. பிள்ளைகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம். சீதாலெட்சுமி வந்தாள். கூடவே பழனியப்பனும் வந்திருந்தார். இருவரும் பந்தியை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்கள்.

"சந்திரகலா எங்கக்கா?"

இராஜம்மா கையிலிருந்த சோற்றுச் சட்டியை இறக்கவில்லை. "காஜாங்குல ஒரு வீட்டுக்குக் குடுத்துட்டேன். நல்ல வீடு. அந்தம்மாவுக்கு அண்ணன் தம்பி யாரும் இல்ல. கேட்டுக்கிட்டுத்தான் குடுத்தேன். யாரும் பயப்பட வேணாம்."

"நல்லதுக்கா" என்றாள் சீதாலெட்சுமி.  பிறகு புருஷனைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள். "எங்க வீட்டுலயும் இப்ப இல்லக்கா. அண்ணனோட சண்டை போட்டுட்டுத் தனியா வந்துட்டோம். இனிமே எனக்கு அண்ணனே இல்லைன்னு முந்தாநாள்தான் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்."

"போன வாரம் வந்து தொலைச்சிருக்கக் கூடாதாடி, பாவி" என்று இராஜம்மா கத்தினாள். பந்தியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் தங்களைத்தான் திட்டுகிறாள் என்று நினைத்துச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.